நடுவில் வைத்த இரண்டு துண்டுகள்

ஜாஹிதாவின் கடையில் ஒரு குயில்ட் போர்வை முடிய ஆறு பெண்கள் வேண்டும், ஆளுக்கு இரண்டு துண்டு. துண்டு என்றால் வெறும் துணி இல்லை. மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி மூன்றையும் ஒன்றாக வைத்து, கையாலேயே வரிவரியாக ஓட்டித் தைத்து முடித்த குட்டி மெத்தை அது. அதை வீட்டில் வைத்துத் தைக்கலாம், தோட்டத்து வரப்பில் உட்கார்ந்து தைக்கலாம், கொடைக்கானல் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டேகூடத் தைக்கலாம். நான்கு ஓரத்திலும் ஒரு விரல் அகலம் மட்டும் தைக்காமல் விட்டுவிட வேண்டும். அந்த ஓரங்களைப் பிடித்துப் பன்னிரண்டு துண்டையும் ஒரே போர்வையாகச் சேர்ப்பது ஒருத்தியின் வேலை. பதினோரு வருடமாக அந்த ஒருத்தி முருகேஸ்வரி.

சேர்க்கிறவளுக்கு உள்ள அதிகாரம் தைக்கிறவளுக்குக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வரும்போது பெண்கள் துண்டுகளைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைப்பார்கள். முருகேஸ்வரி ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடிப்பாள், அட்டையை வைத்து அளப்பாள், மூலையைக் கிள்ளிப் பார்ப்பாள். பிடிக்கவில்லையென்றால் ஒரு வார்த்தை பேசாமல் காலடியில் போடுவாள். ஐம்பது வயது ராக்காயி, வடகவுஞ்சியிலிருந்து வருகிறவள், அந்தத் துண்டைக் குனிந்து பொறுக்குவதை முருகேஸ்வரி பார்க்காதது போலப் பார்ப்பாள். அதில் அவளுக்கு ஒரு சுகம் இருந்தது. இல்லையென்று சொன்னால் அது பொய்.

ஆனால் அதிகாரத்தைவிடப் பெரிய விஷயம் கடைக்குப் பின்னால் இருந்த அறை. சேர்க்கிறவளுக்கு அந்த அறை உண்டு. புருஷன் திருப்பூருக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் நடத்த ஆரம்பித்த பிறகு, முருகேஸ்வரிக்கும் பன்னிரண்டாவது படிக்கிற மகள் தமிழ்மதிக்கும் கொடைக்கானலில் தலைக்கு மேல் இருந்த ஒரே கூரை அதுதான். வேலை போனால் அறையும் போகும். அறை போனால் மேல்மலையில் இருக்கும் பிறந்த ஊரான போளூருக்கு, அண்ணன் வீட்டுக்கு, அண்ணன் பெண்டாட்டி முகத்தைப் பார்த்துச் சாப்பிடப் போக வேண்டும். அதைவிட ஏரியில் விழலாம் என்று அவள் நினைத்த நாட்கள் உண்டு.

வீரம்மாளை இந்த வேலைக்குக் கூட்டி வந்தவளும் முருகேஸ்வரிதான். போளூரில் சித்தப்பா மகன் பழனிச்சாமியின் பெண்டாட்டி, அவளுக்கு முருகேஸ்வரி மதினி முறை. மூன்று வருடத்துக்கு முன்னால் ஊசியைக்கூடச் சரியாகப் பிடிக்கத் தெரியாமல் வந்தவள். இப்போது அவள் துண்டைப் பார்த்தால் கை தைத்ததா மெஷின் தைத்ததா என்று சந்தேகம் வரும். குயில்ட்டின் நடுவில், கண் முதலில் போய் விழுகிற இடத்தில், வைப்பதற்கென்றே வீரம்மாளின் இரண்டு துண்டையும் ஜாஹிதா எடுத்துத் தனியாக வைத்துவிடுவாள். முருகேஸ்வரிக்கு அப்போதெல்லாம் பெருமையாகத்தான் இருந்தது, நாம் கொண்டுவந்த பிள்ளை என்று.

அந்தப் பெருமை போன மழைக்காலத்தோடு தீர்ந்தது. மேகம் இறங்கி ஜன்னலை அடைத்துவிட்ட ஒரு மாதத்தில் முருகேஸ்வரி சேர்த்த இரண்டு போர்வைகளில் ஓரம் கோணிவிட்டது. ஜாஹிதா அந்தக் கோணலின் மேல் கட்டைவிரலை வைத்து ஓட்டிப் பார்த்தாள்.

"கண்ணு என்ன பண்ணுது முருகேஸ்? கண்ணாடி மாத்தணுமோ?"

"மேகமா இருந்துச்சும்மா. வெளிச்சம் இல்ல."

"வீரம்மாவும் இதே மேகத்துலதான தைக்கிறா?" என்றாள் ஜாஹிதா. கோபமாகச் சொல்லவில்லை, அவளுக்குக் கோபப்படவே தெரியாது. "இனி ஒரு போர்வை திரும்பி வந்துச்சுன்னா நான் வேற ஆளை ஒக்கார வைக்க வேண்டியிருக்கும். தப்பா எடுத்துக்காத."

வேற ஆள் யார் என்று கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அன்றைக்கு முருகேஸ்வரி ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சோறு வடிக்கும்போது கஞ்சியைக் கையில் கொட்டிக்கொண்டாள்.

இந்த நிலைமையில்தான் பெங்களூரில் ஒரு விருந்தினர் விடுதிக்குப் போன குயில்ட் திரும்பி வந்தது. வெள்ளையும் நீலமுமாக, ஜாஹிதா இதுவரை வாங்கியதிலேயே நல்ல துணியில் செய்தது. விடுதிக்கார அம்மா போனில் அனுப்பிய செய்தியை ஜாஹிதா சத்தமாக வாசித்தாள். கவரைப் பிரித்ததும் அறை முழுக்கப் பூண்டு வாடை, இதைக் கட்டிலில் விரித்தால் யார் படுப்பார்கள், இன்னும் இரண்டு வாரத்தில் சரிசெய்து அனுப்புங்கள் அல்லது வேண்டாம்.

"உனக்கு அடிக்கலையா முருகேஸ்? நீதான சேத்த?"

ஜாஹிதாவுக்குக் கொரோனா வந்துபோன நாளிலிருந்து மூக்கு செத்துப்போயிருந்தது. பிரியாணி அடிப்பிடித்துக் கருகினாலும் புகையைக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும். அதனால் கடையில் மண்ணெண்ணெய் வாடை, பூஞ்சை வாடை எதுவாக இருந்தாலும் முருகேஸ்வரி சொன்னதுதான் தீர்ப்பு.

"பாக்கிறேம்மா," என்று முருகேஸ்வரி போர்வையை அறைக்குள் தூக்கிப் போனாள். பன்னிரண்டு துண்டிலும் மூக்கை வைத்து இழுத்தாள். புதுத்துணி வாடை அடித்தது. கஞ்சி வாடை அடித்தது. பூண்டு மட்டும் எங்கேயும் இல்லை. பணக்காரிக்கு மூக்கில் கோளாறு என்று நினைத்துக்கொண்டு, நூல் வாங்க வந்திருந்த ராக்காயியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

ராக்காயி போர்வையை முகத்துக்குக் கொண்டுபோவதற்குள்ளேயே மூக்கைச் சுளித்தாள்.

"எந்தத் துண்டுல அடிக்குது?"

"எந்தத் துண்டா? எல்லாத்துலயும்தான் அடிக்குது. அடிக்காம என்ன செய்யும்?" ராக்காயி சிரித்தபடியே மேலே கையைக் காட்டினாள். "ஒன் தலைக்கு மேல பாரு."

தலைக்கு மேலே, அடுப்புக்கும் துண்டுகள் அடுக்கும் பலகைக்கும் நடுவில் இருந்த கொக்கியில், பூண்டுக் கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. காய்ந்த தண்டோடு பின்னிய, ஆள் கை நீளக் கட்டு. வீரம்மாள் மாசியில் கொண்டுவந்து அவளே ஏறிக் கட்டியது. "இந்த வருசத்துப் பூண்டு மதினி. அடுப்புப் பொகையிலயே கெடக்கட்டும், ஒரு வருசம் ஆனாலும் கெடாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். போளூரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். பூண்டைப் பரணில் போட்டுப் புகை காட்டி வைப்பார்கள், அதன் கீழேதான் சமைப்பார்கள், தூங்குவார்கள், பிள்ளை பெறுவார்கள். பூண்டு வாடைக்குள் பிறந்து வளர்ந்தவளுக்கு அது வாடையே இல்லை. முருகேஸ்வரி இந்த அறையில் பன்னிரண்டு துண்டையும் மூன்று வாரம் அதன் கீழே அடுக்கி வைத்திருந்தாள்.

"எல்லாருக்கும் தெரியுமா?" என்று கேட்டாள்.

"இங்க வந்து போறவளுக்கெல்லாம் தெரியும். ஒங்கிட்ட யாரு சொல்லுவா? சொன்னா எங்க துண்டு தரைக்குத்தான் வரும்." ராக்காயி அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பதினோரு வருடச் சிரிப்பு அது, வட்டியோடு வந்தது.

ஜாஹிதாவிடம் போய், என் தப்புதாம்மா, கொக்கியில் பூண்டு கட்டியிருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஜாஹிதா கெட்டவள் இல்லை, ஒருவேளை மன்னித்தும் இருப்பாள். ஆனால் அந்த ஒருவேளையின் மேல் மகளையும் தன்னையும் ஏற்றி வைக்க முருகேஸ்வரிக்குத் தைரியம் வரவில்லை. அவள் ராக்காயியின் கையைப் பிடித்தாள்.

"ராக்காயி, இனிமே ஒன் துண்டு ஒண்ணுகூடத் திரும்பாது. மூலை கோணினா நானே தட்டிச் சரிபண்ணிக்கிறேன்."

ராக்காயி கையை விடுவித்துக்கொண்டு, "எனக்கென்ன, எனக்குச் சோலி கெடக்கு" என்று நூலை எடுத்துக்கொண்டு போனாள். அதற்குச் சரி என்று அர்த்தம்.

பூண்டுக் கட்டை முருகேஸ்வரி அவிழ்த்து, கடைக்குப் பின்னால் இருந்த சரிவில் ஆளுயரச் செடிகளுக்குள் வீசினாள். ஒரு வருடப் பூண்டு, ஒரு சமையலுக்குக்கூட எடுத்து வைக்கவில்லை. பிறகு முன்கடைக்குப் போய், "நடுவுல வச்ச ரெண்டு துண்டுதாம்மா. அதுலருந்து மத்ததுக்குப் பரவியிருக்கு. கவருக்குள்ள மடிச்சு வச்சதுல ஏறிக்கிச்சு" என்று சொன்னாள். நடுவில் வைத்த இரண்டும் யாருடையது என்று ஜாஹிதாவே சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆறு பேரும் வந்திருந்தார்கள். ஜாஹிதா குயில்ட்டைப் பெரிய மேஜையில் விரித்துப் போட்டிருந்தாள். வீரம்மாள் வெள்ளனே எழுந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாள், கையில் புதுத் துண்டு இரண்டு, பாலிதீன் கவரில் சுற்றி. விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் சாம்பலாய்ப் போனது.

"நான் வீட்டுல வச்சுத் தைக்கிறதே இல்லம்மா. பள்ளிக்கூட வராந்தாவுல ஒக்காந்துதான் தைப்பேன். புளி போட்டுக் கையத் தேச்சுக் கழுவிட்டுத்தான் ஊசியத் தொடுவேன். மதினியக் கேளுங்க, அவங்கதான் அப்படிச் சொல்லிக் குடுத்தாங்க."

எல்லோரும் முருகேஸ்வரியைப் பார்த்தார்கள். உண்மைதான், அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். ஊருக்கு உபதேசம் செய்துவிட்டுத் தன் தலைக்கு மேல் தொங்கவிட்டிருந்தாள்.

"சொல்லித்தான் குடுத்தேன்," என்றாள் முருகேஸ்வரி. "பள்ளிக்கூடத்துக்குப் பூண்டு வாடை வராதாக்கும்? ஊரே பூண்டுக்குள்ள கெடக்கு." பிறகு, நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. "துணியில மட்டும் இல்லம்மா. ஆளுமேலயே இருக்கு. வேணும்னா மோந்து பாக்கச் சொல்லுங்க."

அப்படித்தான் அந்தக் கூத்து ஆரம்பித்தது. ஒருத்தி வீரம்மாளின் முந்தானையை எடுத்து முகர்ந்தாள். இன்னொருத்தி கையை இழுத்து விரல்களை முகர்ந்தாள். போளூரிலிருந்து வந்தவள்மேல் பூண்டு வாடை இல்லாமல் இருக்குமா, அவளுக்கு அடித்தது, ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அழகம்மாள் என்ற கிழவி கொண்டைக்குள் மூக்கை விட்டு, "முடியிலதான்டி இருக்கு" என்றாள். யாரோ சிரித்தார்கள். வீரம்மாள் சந்தைக்குக் கொண்டுவந்த மாடு போலக் கையை நீட்டச் சொன்னால் நீட்டிக்கொண்டும், திரும்பச் சொன்னால் திரும்பிக்கொண்டும் நின்றாள். முருகேஸ்வரியின் முறை வந்தபோது அவளும் போய் அந்தத் தலையை முகர்ந்தாள். அவள் மூக்குக்குத் தேங்காயெண்ணெய் வாடை மட்டும்தான் தெரிந்தது.

"முடியில ஏறிட்டா எறங்காதும்மா," என்று சொன்னாள்.

ஜாஹிதாவுக்கு இது பிடிக்கவில்லை. "போதும், விடுங்க" என்று அதட்டினாள். ஆனாலும் அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. "வீரம்மா, உன் கைமேல எனக்குக் குத்தம் இல்ல. வாடை போற வரைக்கும் துண்டு வேணாம். போயிருச்சுன்னு முருகேஸ் சொல்லட்டும், அன்னைக்கே வா."

வீரம்மாளின் இரண்டு துண்டையும் அவள் கண் முன்னாலேயே பிரித்தெடுக்கச் சொன்னது விதி. அதாவது முருகேஸ்வரி சொன்னாள். வீரம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, பிளேடால் நூல் அறுபடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குயில்ட்டின் நடுவில் ஜன்னல் போல ஒரு ஓட்டை விழுந்தது. அதில் ராக்காயியின் புதுத் துண்டு இரண்டை வைப்பது என்று முடிவாயிற்று.

பஸ் ஸ்டாண்டு வரை முருகேஸ்வரியே கூட நடந்தாள். போளூர் பஸ் நிற்கிற இடத்துக்கு வந்ததும் வீரம்மாள்தான் பேசினாள்.

"கொக்கியில இருந்த பூண்டை எங்க மதினி போட்டீங்க?"

முருகேஸ்வரி பஸ் வருகிற பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நூல் எடுக்க உள்ள போனப்பவே பாத்தேன். கொக்கி வெறுசா இருந்துச்சு. அங்கயே கேட்டிருப்பேன். தமிழ்மதி நெனப்பு வந்துச்சு. வயசுப் பிள்ளைய வச்சுக்கிட்டு ரூமை விட்டு நீங்க எங்க போவீங்க?" வீரம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எம்மேலயே கெடந்துட்டுப் போகட்டும். ரெண்டு மாசம் போகட்டும் மதினி. அப்புறம் வாடை போயிருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. எனக்கு அது போதும். அந்தத் தையலை விட்டா எனக்கும் அந்த வீட்டுல ஒண்ணும் இல்ல. நாளெல்லாம் பூண்டு உரிக்கணும், மாமியா வாயில விழணும். துண்டு தைக்கிற நேரம்தான் நான் மனுசி மாதிரி இருக்கேன்."

"சொல்லுறேன் வீரம்மா. சத்தியமா சொல்லுறேன்," என்று முருகேஸ்வரி அழுதாள். அந்த நிமிடம் அவள் அழுதது பொய் இல்லை. பஸ் கிளம்பும் வரை நின்று கையை ஆட்டினாள்.

குயில்ட்டைத் துவைத்து மூன்று நாள் வெயிலில் போட்டு, கடைசியாக யூகலிப்டஸ் தைலம் நாலு சொட்டுத் தெளித்து அனுப்பினாள். விடுதிக்கார அம்மாவிடமிருந்து, இப்போது அருமையான வாசனை, இன்னும் நான்கு வேண்டும் என்று செய்தி வந்தது. வீரம்மாளின் துண்டை எடுத்ததும் வாடை போய்விட்டது என்பதற்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? கடையில் எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். ராக்காயியும் அப்படித்தான் பேசினாள்.

இரண்டு மாதம் போனது. நான்கு குயில்ட்டுக்குத் துண்டுகள் வந்து குவிந்தன. எல்லாம் சுமார்தான். ஜாஹிதா ஒவ்வொன்றையும் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். ஒரு நாள் மத்தியானம், சேர்த்த ஓரத்தின் மேல் பழையபடி கட்டைவிரலை ஓட்டினாள்.

"இங்க பாரு முருகேஸ், மறுபடி கோணுது. உன்னைச் சொல்லிக் குத்தமில்ல, கண்ணு அப்படி. வீரம்மா வந்துட்டான்னா அவளை இந்த இடத்துல ஒக்கார வச்சிரலாம். நீ வீட்டுல இருந்து துண்டு தச்சுக் குடு. உனக்கும் அலைச்சல் கம்மி."

வீட்டிலிருந்து. எந்த வீட்டிலிருந்து என்று ஜாஹிதாவுக்குத் தோன்றவில்லை. நல்லவர்களுக்குச் சில விஷயம் தோன்றவே தோன்றாது. முருகேஸ்வரி, "சரிங்கம்மா" என்றாள். தமிழ்மதிக்குப் பரீட்சைக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது.

அந்த வாரமே வீரம்மாள் வந்தாள். முக்காடு போட்டுக்கொண்டு படியேறி வந்தவளை யாருக்கும் முதலில் அடையாளம் தெரியவில்லை. கடைக்குள் வந்து முக்காட்டை எடுத்தாள். தலை மொட்டையாக இருந்தது, நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும் மஞ்சளாகச் சந்தனம் பூசிக் காய்ந்திருந்தது. துண்டு தைத்துக்கொண்டிருந்த ராக்காயி, "அடிப்பாவி" என்று ஊசியைக் கீழே போட்டாள்.

"நேத்துப் பழனியில மொட்டை போட்டேன். முருகனுக்குக் குடுத்துட்டேன்," என்றாள் வீரம்மாள். பேச்சு ஜாஹிதாவிடம் என்றாலும் கண் முருகேஸ்வரியிடம்தான் இருந்தது. "முடியிலதான் வாடை இருக்கு, எறங்காதுன்னாங்கல்ல? எடுத்தாச்சு. சேலை புதுசு. மூணு நாளா வீட்டுக்குள்ளயே போகல, பழனியில சின்னம்மா வீட்டுலதான் இருந்தேன். மதினி இப்பப் பாத்துச் சொல்லட்டும்."

அவள் எதற்காக அதைச் செய்தாள் என்பது முருகேஸ்வரிக்கு நன்றாகவே புரிந்தது. சும்மா வந்து நின்றால், வாடை எப்படித் திடீரென்று போனது என்று யாராவது கேட்பார்கள், மதினி பதில் சொல்லத் திணறுவாள். இப்போது யாரும் கேட்க மாட்டார்கள். மதினி சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையைச் சுலபமாக்க, இடுப்புக்குக் கீழே தொங்கிய முடியையே கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

"அல்லாவே, முடியை எடுக்கணும்னா நான் சொன்னேன்?" ஜாஹிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "முருகேஸ், வெரசா பாத்துச் சொல்லு. எனக்குத்தான் ஒரு எழவும் தெரியாதே."

வீரம்மாள் வந்து முருகேஸ்வரியின் முன்னால் மண்டியிட்டுத் தலையைக் குனிந்தாள். கத்தி பட்டு இரண்டு இடத்தில் கீறியிருந்தது. முருகேஸ்வரி குனிந்தாள். சந்தனம் மணத்தது. அதற்குக் கீழே குளித்துவிட்டு வந்த பச்சைத் தோலின் வாடை, குழந்தையின் தலை போல. அவள் வேண்டுமென்றே இரண்டாவது தடவையும் முகர்ந்தாள், நேரம் கிடைக்கட்டும் என்று. அந்த நேரத்தில் அவள் நினைத்தது வீரம்மாளைப் பற்றி இல்லை. போளூர் பஸ்ஸில் பெட்டியும் பாயுமாக ஏறுகிற தன்னையும், புத்தகப் பையோடு பின்னால் வருகிற மகளையும் நினைத்தாள்.

நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அடிக்குதும்மா," என்றாள். "சந்தனத்தையும் மீறி அடிக்குது."

ராக்காயி கீழே போட்ட ஊசியைத் தேடுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டாள். ஜாஹிதா வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன வீரம்மா செய்யிறது? சொந்தக்காரி அவ. உனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கலாம், அதுக்கும் அவ மனசு ஒப்பல பாரு."

வீரம்மாள் மண்டியிட்டபடியே இருந்தாள். தன்னைக் காட்டிக்கொடுப்பாள் என்று முருகேஸ்வரி காத்திருந்தாள், கொக்கி, பூண்டு, பஸ் ஸ்டாண்டு எல்லாம் இப்போது வெளியே வரும் என்று. ஒன்றும் வரவில்லை. வாடை இருக்கிறது என்று ஒத்துக்கொண்டு முடியையும் எடுத்தவள் சொல்கிற கதையை இனி யார் நம்புவார்கள் என்பது அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவள் மெல்லத் தலையைத் தூக்கினாள். குரலில் கோபமோ கேலியோ இல்லை, அளவு கேட்கிறவள் போலக் கேட்டாள்.

"இன்னும் என்னத்தை எடுத்துட்டு வரட்டும் மதினி?"

முருகேஸ்வரி மடியில் கிடந்த இரண்டு துண்டுகளின் ஓரத்தைச் சேர்த்துப் பிடித்து, நூல் கோக்கக் கண்ணைச் சுருக்கிக்கொண்டாள்.